ஒன்று பெறப்பட்டது

என் தையல் அறைக்கு நேர் கீழே அவர்கள் குடியிருந்தார்கள். நடுவில் இருந்தது வெறும் மரப்பலகைத் தரை. பலகைக்கும் பலகைக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீழே தேநீர் கொதித்தால் என் மூக்கில் ஏறும். நான் மிஷினை மிதித்தால் அவர்கள் வீட்டு விளக்கு ஆடும். டாக்ஸி இருக்கைகளுக்கு உறை தைப்பது என் தொழில். துறைமுக ஸ்டாண்டில் ஓடும் முப்பது வண்டிகளில் இருபத்தாறு வண்டிகளின் பயணிகள் நான் தைத்த துணிமேல்தான் உட்காருகிறார்கள். மற்ற நாலு பேரும் கஞ்சர்கள், அவர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பலகை இடைவெளி வழியாக இன்னொன்றும் மேலே வரும். பெட்டியின் குரல்.

வெள்ளைப் பெட்டி, உள்ளங்கை அகலம். வண்டியின் முன்னிருக்கை முதுகில் கட்டம் கட்டமாக ஒரு படம் ஒட்டியிருப்பார்கள் அல்லவா, அதன் மேல் பயணி கைப்பேசியைக் காட்டிப் பணம் போட்டால் இந்தப் பெட்டி வாயைத் திறக்கும். "நூற்றுப் பத்து பெறப்பட்டது. நன்றி." ஒரு பெண்ணின் குரல், சளி பிடிக்காத குரல். ஸ்டாண்டில் எல்லாரும் பெட்டியை வண்டிக்குள்தான் வைத்திருந்தார்கள். பணம் வந்ததா இல்லையா என்று தெரிய வேண்டாமா? கீழ் வீட்டுத் தம்பி மட்டும் அதைக் கொண்டுவந்து பெண்டாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"பயணி போட்டேன்னு சொல்லிட்டுப் போடாமப் போயிட்டா என்னய்யா பண்ணுவே?" என்று ஸ்டாண்டில் வண்டிகளை வரிசைப்படி அனுப்பும் மீசை ஒருநாள் கேட்டார்.

"அவ சாயங்காலம் சொல்லுவா அண்ணே. நான் அதுக்குள்ள மறந்துருவேன்" என்றார் தம்பி.

அவள் மூன்றாம் மாதத்திலிருந்து படுத்த படுக்கை. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. "இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கினே, நான் பொறுப்பில்லை" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கட்டிலுக்கு ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பெட்டி, மேலே என் தரை. வேறு உலகம் கிடையாது. நான்தான் காலையில் இறங்கிப் போய் ரொட்டி சுட்டுக் கொடுப்பேன், தலை வாரிவிடுவேன், மதியம் சூப் வைப்பேன். மற்ற நேரமெல்லாம் தரையில் குப்புறப் படுத்து, பலகை இடைவெளியில் வாயை வைத்துப் பேசுவேன். பேசி முடித்து எழுந்தால் கன்னத்தில் பலகைத் தடம் இருக்கும்.

கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாலும் அவள் நாள் முழுக்க ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள். அது எப்படி என்று சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வருடம் அவள் டாக்ஸி கம்பெனியில் போன் எடுத்தவள். ஸ்டாண்டிலிருந்து எந்த இடத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். அந்தக் கம்பெனியில் முன்பு இருந்த மேனேஜர் ஒரு கிறுக்கன். ஓட்டுநர்கள் ஏமாற்றக் கூடாது என்று, எந்த இரண்டு இடத்துக்கும் ஒரே கட்டணம் வராதபடி அட்டவணை போட்டு வைத்தான். ஆஸ்பத்திரி நாற்பத்தைந்து, பழைய பாலம் நூற்றுப் பத்து, ரயில்வே கேட் இருநூற்று எண்பத்தைந்து. தூரம் கூடக் கூடத் தொகை கூடும். அது அவளுக்கு மனப்பாடம் என்பதால் ஸ்டாண்டில் அவளுக்கு 'அட்டவணை' என்றே பெயர்.

"அக்கா, கேட்டுச்சா? நூத்துப் பத்து. பாலத்துக்கு வந்துட்டாரு."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. பாலத்துல உம் புருஷனுக்கு என்ன வேலையாம்?"

"யாரையோ இறக்கிவிட்டிருப்பாரு. இந்நேரம் கைப்பிடிச் சுவர் பூரா வலை காயப் போட்டிருப்பாங்க. ஒரே மீன் வாடையா இருக்கும். கண்ணாடியை ஏத்தியிருப்பாரு. கீழ தண்ணி இப்ப பச்சையா இருக்கும் அக்கா. மதியத்துக்கு மேலதான் சாம்பலாகும்."

எனக்குத் துணி வெட்டுவதே மறந்துபோகும். நான் பத்து வருடமாக அந்தப் பாலத்தில் போய்வருகிறவள். தண்ணீர் என்ன நிறம் என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

தொகைகளுக்கு நடுவே அவ்வப்போது ஒன்று வரும். "ஒன்று பெறப்பட்டது. நன்றி." எந்த ஊரில் ஒன்றுக்கு டாக்ஸி ஓடுகிறது? பெட்டிக் கணக்கு அவள் பெயரில் இருந்தது. அந்த ஒன்று, தம்பி தன் கணக்கிலிருந்து தானே அதில் போடுவது. வண்டி ஓட்டும்போது அவர் கைப்பேசியைத் தொடமாட்டார். ஒருமுறை பேசிக்கொண்டே ஓட்டி விளக்குக் கம்பத்தில் இடித்தார். அன்றிலிருந்து அது சத்தம் அடக்கி முன் டிராயருக்குள் கிடக்கும். வண்டி நின்று ஆள் இறங்கிய பிறகு எடுத்து, ஒன்று போட்டு, திரும்ப உள்ளே வைத்துவிடுவார். நான் இருக்கிறேன், நீ இரு. அதற்கு அவ்வளவுதான் அர்த்தம். நான் புருஷனோடு இருபது வருடம் குடித்தனம் பண்ணியவள். அந்த மனிதர் எனக்கு ஒருநாள்கூட ஒன்று போட்டதில்லை.

வெளிநாட்டுப் பயணிகள் ஏறினால் மட்டும் பெட்டி ஊமையாகிவிடும். அவர்களுடைய கைப்பேசிக்கும் நம் ஊர்க் கட்டத்துக்கும் ஒத்துவராது. அதில் கணக்குத் திறக்க உள்ளூர் எண் வேண்டும், உள்ளூர் வங்கி வேண்டும். அவர்கள் நோட்டு மாற்றி வைத்திருந்தால் நோட்டாகக் கொடுப்பார்கள். இல்லையென்றால் அட்டையை எடுத்து நீட்டுவார்கள். தம்பி தேய்க்கும் மிஷின் வைத்திருந்தார். அந்தப் பணம் கம்பெனிக்குப் போய், மாதக் கடைசியில் சத்தமில்லாமல் வந்து சேரும். கப்பல் வரும் நாளெல்லாம் அவளுக்கு இருட்டு.

"அவங்க ஏறிட்டா ஊரே அணைஞ்சு போன மாதிரி ஆயிடுது அக்கா. எந்தத் தெருவுல இருக்காருன்னே தெரியமாட்டேங்குது."

"எப்படியோ ஒரு வழியில பணம் குடுக்கிறாங்கல்ல? விடேன்."

"குடுக்கட்டும். வேணாம்னா சொன்னேன்? அதைக் கொஞ்சம் சத்தமாக் குடுத்தா என்ன?"

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அன்று அரசு விடுமுறை. விடிந்ததிலிருந்து கடல் மூடுபனி தெருவுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை, அதன் பித்தளைப் பூட்டு மட்டும் தெரிந்தது. தம்பி நின்றபடியே இரண்டு ரொட்டியும் ஒரு அவித்த முட்டையும் தின்றார். கப்பல் வந்திருக்கிறது என்றார். அவள் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பை வைத்தார். பெட்டியின் சத்தத்தை ஒருமுறை கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

எட்டு மணி வரை சத்தமில்லை. ஒன்பதுக்கும் இல்லை.

"வெளிநாட்டு ஆளு ஏறியிருக்கு" என்றாள் கீழேயிருந்து.

"அதான் தெரியுதே."

"தூரமாப் போயிருக்காரு அக்கா. கலங்கரை விளக்கமா இருக்கும். தொள்ளாயிரத்து நாப்பது. கப்பல்ல வர்றவங்க அதைத்தான் கேப்பாங்க. இந்தப் பனியில அங்க போயி என்னத்தைப் பாக்குறது? விளக்கு மட்டும் மேல தனியா மிதக்கும்."

அவள் குரல் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. நான் நீலக் கோடு போட்ட துணியை விரித்து, வெட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பனி என் ஜன்னல் வழியாகவும் வந்துவிட்டது. அவள் படுத்துக்கொண்டே மேலே மிதந்து வருவதுபோலவும், நான் துணியோடு கீழே இறங்குவதுபோலவும் ஒரு மயக்கம். அப்படி எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

"அக்கா."

"சொல்லு."

"மணி பதினொன்னு. ஒத்தைகூட வரலை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஏறினாலும் அந்த ஒற்றை வரும். எங்காவது நிறுத்தாமலா இருப்பார்? நிறுத்தினால் போடுவார். காலையிலிருந்து அதுவும் இல்லை.

"சிக்னல் இருக்காது. பனி" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, இறங்கி வாங்க. அவசரம் இல்ல, ஆனா இப்பவே வாங்க" என்றாள்.

படுக்கை நனைந்திருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. டிராயருக்குள் ஊமையாகக் கிடக்கும் சாமான் எப்படி எடுக்கும்? மீசைக்குப் போட்டேன். விடுமுறை என்பதால் ஸ்டாண்டில் வேறு வண்டி இல்லை. அவரே தன் ஓட்டை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்கலைன்னா உங்களை எதுக்கு அண்ணே கூப்பிடப்போறேன்?"

நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுபோனோம். ஐந்து மாதமாக நடக்காத கால் துணியைப்போல் மடிந்தது. படியில் நின்றுவிட்டாள்.

"பொட்டி."

"இப்ப அது எதுக்கும்மா?" என்றார் மீசை.

"அதை எடுக்காம நான் வரமாட்டேன்."

ஓடிப்போய் எடுத்துவந்தேன். வண்டியில் அவள் தலை என் மடியில், பெட்டி அவள் மார்பில். வழியெல்லாம் பனி. மீசை முன்னால் குனிந்து, கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்துத் துடைத்து ஓட்டினார்.

"போன ரெண்டு தடவையும் அவரு வண்டியிலதான் இருந்தாரு அக்கா" என்றாள் மெதுவாக. "வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ரெண்டு தடவையும். இந்தப் பிள்ளையும் அவரு வர்றதுக்கு முன்னாடி வந்துட்டா..."

"வாயை மூடு."

"இல்ல அக்கா, எனக்குத் தெரியும்."

அவளுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அதை மறைத்து என்ன பயன்?

பிரசவப் பகுதிக்கு ஆண்கள் போகக் கூடாது. மீசை வெளிக்கேட்டோடு நின்றுவிட்டார். கைப்பேசியும் உள்ளே ஆகாது. பெரிய நர்ஸ் எங்கள் இரண்டு பேருடையதையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பேசுற பொட்டி."

"ரேடியோவா?"

"இல்ல. பணம் வந்தாச் சொல்லும்."

"பிரசவத்துக்கு வந்த இடத்துல என்னம்மா வசூல் உங்களுக்கு?"

"நர்ஸம்மா, அது இருந்தாத்தான் இவ மூச்சு விடுவா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்த நர்ஸ், கைப்பேசிக்குத்தானே தடை, பெட்டிக்குத் தடை என்று போர்டில் எழுதவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே விட்டாள்.

அந்த நேரத்தில் தம்பி எங்கே இருந்தார் என்பது பின்னால் அவர் வாயாலேயே கேட்டது. அவள் சொன்னது சரி. கலங்கரை விளக்கத்தில்தான் இருந்தார். துறைமுகத்தில் வெள்ளைக் குடையோடு ஒரு வயதான வெளிநாட்டம்மா ஏறியிருந்தாள். விளக்கின் படத்தைக் காட்டினாள். அவள் மொழி இவருக்குத் தெரியாது, இவர் மொழி அவளுக்குத் தெரியாது. அவள் தன் கைப்பேசியிடம் பேசுவாள், அது இவரிடம் பேசும்.

விளக்கடியில் இறங்கியதும் அட்டையை நீட்டினாள். மிஷின் மாட்டேன் என்றது. இன்னொரு அட்டை, அதற்கும் மாட்டேன். திடீரென்று தூர தேசத்தில் அட்டை தேய்க்கப்படுவதைப் பார்த்து, யாரோ திருடன் என்று அவள் ஊர் வங்கி பூட்டிவிட்டது. பூட்டைத் திறக்க ஒரு ரகசிய எண் அனுப்புவார்களாம், அது அவள் ஊர் எண்ணுக்குத்தான் வருமாம், அந்த எண் இங்கே செத்துக் கிடந்தது. அங்கிருந்த ஒரே ஏடிஎம்மில் விடுமுறைக்கு முன்பே பணம் தீர்ந்திருந்தது. பையில் அவள் ஊர் நோட்டுகள் இருந்தன. மாற்றும் கடை மூடியிருந்தது. அந்தம்மாவின் காது சிவந்துவிட்டது. கைப்பேசியை வாயருகே வைத்து என்னவோ சொன்னாள். அது இவரைப் பார்த்து, "ஐயா, நான் தங்களுக்கு எவ்விதம் பணம் செலுத்த இயலும்?" என்று செந்தமிழில் கேட்டது.

"பார்த்துக்கலாம்மா" என்றிருக்கலாம். நம் ஆள் அதோடு விடவில்லை. உதவி செய்கிறேன் என்று அவள் அட்டை எண்ணைத் தன் கைப்பேசியில், தன் ஆப்பில், தானே தட்டினார். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. யாரோ ஒருவர் அட்டையை யாரோ ஒருவன் போட்டுப் பார்க்கிறான் என்று இப்போது இவருடைய வங்கியும் இவர் கணக்கைப் பூட்டியது. இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒன்றும் அனுப்ப முடியாது. ஒற்றைகூட.

அவமானத்தோடு கைப்பேசியை டிராயரில் போட்டுவிட்டு, அந்தம்மா கடலைப் பார்த்து முடிக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். கடல் எங்கே தெரிந்தது? அவள் பனியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாளாம். கிளம்பும்போது, வீட்டுக்குப் பேசிவிடலாம் என்று டிராயரைத் திறந்தார். பதினேழு தவறிய அழைப்பு. அவளுக்குப் போட்டார், எனக்குப் போட்டார். இரண்டும் நர்ஸின் டிராயரில் கிடந்தன. மீசைக்குப் போட்டார்.

"யோவ், எங்கய்யா தொலைஞ்சே? ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. சீக்கிரம் வா!"

"அவகிட்ட போனைக் குடுங்க அண்ணே."

"உள்ள போனே விடமாட்டாங்கய்யா. நீ வர்றேன்னு நர்ஸுகிட்ட சொல்லியனுப்புறேன். உம் பொண்டாட்டி அந்தப் பொட்டியை மட்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கா."

நர்ஸ் வந்து சொல்லத்தான் செய்தாள். "வந்துக்கிட்டே இருக்காராம், கவலைப்படாதே." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா சொல்லுவாங்க. போன தடவையும் சொன்னாங்க" என்று என்னிடம் சொன்னாள். வலி இறுகிக்கொண்டு வந்தது. அவள் அதற்கு இடம் கொடுக்காமல் பல்லைக் கடித்து உடம்பைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "இப்படி இறுக்கிப் பிடிச்சா பிள்ளைக்குத்தான் ஆபத்து" என்று டாக்டரம்மா இரண்டுமுறை சொல்லிவிட்டாள். "அவர் வரட்டும்" என்பதைத் தவிர இவள் வாயில் வேறு பேச்சில்லை. நான் அவள் நெற்றியைத் துடைத்துத் துடைத்து, என் கையே ஈரத்தில் வெளுத்துவிட்டது.

அப்போது பெட்டி பேசியது.

"அறுநூற்றுப் பதினைந்து பெறப்பட்டது. நன்றி."

அறையில் எல்லாரும் திரும்பினோம்.

"சுங்கச்சாவடி" என்றாள் அவள். "யாரோ சுங்கச்சாவடிக்குப் போயிருக்காங்க."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு. பாத்தியா?"

வலி வந்து போனது. கால் மணி நேரம் இருக்கும்.

"நானூற்று முப்பது பெறப்பட்டது. நன்றி."

அவள் கண் திறந்தது. "உப்புக் கிடங்கு. அக்கா... உப்புக் கிடங்குக்கு எதிர்ல பெட்ரோல் பங்க் இருக்கு." என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பயணி போடலை அக்கா. ஸ்டாண்டுக்குப் போகாம எப்படி அடுத்த சவாரி வரும்? இவருதான் போட வைக்கிறாரு. திரும்பி வர்றாரு. எங்க வந்திருக்காருன்னு எனக்குச் சொல்றாரு."

நான் அழுதுவிட்டேன். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டவணைக் கதையை அவளுக்கு அவசரமாகச் சொன்னேன். சுங்கச்சாவடி இவ்வளவு, உப்புக் கிடங்கு இவ்வளவு, அடுத்தது குறையும், குறையக் குறையக் கிட்டே வருகிறார் என்று. கேட்டுவிட்டு அவள் பெட்டியை எடுத்து, நன்றாகக் கேட்கட்டும் என்று கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் துணி வைத்துக் கட்டினாள்.

போட்டது யார்? வண்டி எங்கே எப்படியும் நிற்குமோ அங்கெல்லாம் அந்தக் குடைக்காரம்மா இறங்கினாள். தம்பி அட்டவணையிலிருந்து தொகையை விரல் விட்டுக் காட்டுவார். இருக்கை முதுகிலிருந்த கட்டப் படத்தை அவள் தன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தாள். ஒரு கையில் அது, இன்னொரு கையில் தன் ஊர் நோட்டு. சுங்கச்சாவடிக் குமாஸ்தாவிடம், பெட்ரோல் போடும் பெண்ணிடம் போய் நிற்பாள். கைப்பேசி அவளுக்காகப் பேசும். "ஐயா, இந்தப் பணத்தைத் தாங்கள் பெற்றுக்கொண்டு, இக்கட்டத்தில் அறுநூற்றுப் பதினைந்து செலுத்துவீர்களா? இவருடைய மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறார்." குமாஸ்தா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது செல்லுமா?" என்றாராம். "நாளைக்கு மாத்திக்கலாம் சார், குத்துமதிப்பா உங்களுக்கு மேலாவே வரும், பிள்ளை பொறக்கப்போகுது சார்" என்று வண்டிக்குள்ளிருந்து தம்பி கத்தியிருக்கிறார். குமாஸ்தா கேட்டையும் திறந்து, பணத்தையும் போட்டார்.

உப்புக் கிடங்குக்குப் பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. அவள் முகம் மறுபடி மூடத் தொடங்கியது.

"இப்ப எங்க வந்திருப்பாரு?" என்று நர்ஸே கேட்டாள்.

"ரயில்வே கேட்" என்றாள் அவள், வலிக்கு நடுவே. "மூடியிருக்கும். சரக்கு வண்டி போகுது போல. ஐம்பது அறுபது பெட்டி இருக்கும். அவரு கீழ இறங்கி நின்னு எண்ணிக்கிட்டு இருப்பாரு. பனியில கடைசிப் பெட்டியோட சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும்..."

"பேசிக்கிட்டே இரு. உடம்பை விடு. அப்படித்தான்" என்றாள் டாக்டரம்மா.

"இருநூற்று எண்பத்தைந்து பெறப்பட்டது. நன்றி."

"கேட்டு திறந்துருச்சு!" என்று கத்தியது நர்ஸ்.

அதன் பிறகு அவள் உடம்பை இறுக்கவில்லை. விட்டுவிட்டாள். வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று முனகிக்கொண்டே இருந்தாள். செங்கல் சுவர், தண்ணீர்த் தொட்டி, வளைவு. அந்த வெள்ளை அறையில் நாங்கள் நாலு பெண்களும் ஒரு டாக்ஸிக்குள் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஜன்னல் காற்றுகூட முகத்தில் பட்டது.

"நூற்றுப் பத்து பெறப்பட்டது. நன்றி."

"பாலம்" என்றோம் எல்லாரும் ஒரே குரலில். பாலத்தில் வண்டிகள் ஊர்ந்ததாம். வலை மடிக்கும் ஒரு பெண் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போட்டாளாம். நோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"தலை தெரியுது. இன்னும் ஒரு தடவை" என்றாள் டாக்டரம்மா.

"நாற்பத்தைந்து பெறப்பட்டது. நன்றி."

நாற்பத்தைந்து ஆஸ்பத்திரி. வாசல் டீக்கடைக்காரர் போட்டது. அவள் என் கையை நசுக்கினாள். இரண்டு விரல் இன்றும் மழை நாளில் வலிக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் பெட்டி அடுத்துச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நர்ஸுக்குக் கேட்டிருக்கிறது.

"ஒன்று! ஒன்று வந்துருச்சும்மா!"

கணக்குப் பூட்டிய தம்பி எப்படி அனுப்பினார்? மீசைதான். கைப்பேசியில் பணம் போடுவதெல்லாம் ஏமாற்று வேலை என்று வாழ்நாள் முழுக்கத் திட்டிய மனிதர், மகள் வைத்துக் கொடுத்த ஆப்பை வெளிக்கேட்டில் நின்று முதல்முறையாகத் திறந்து, தம்பி சொன்னபடி ஒன்று போட்டார்.

பிள்ளை வந்தது. பெண். கையளவுதான். நீலமாக, சத்தமில்லாமல் இருந்தது. டாக்டரம்மா அதைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கட்டில் கம்பியில் பெட்டியும் பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் யார் யாரையெல்லாம் கும்பிட்டேன் என்று கேட்காதீர்கள். பிறகு தும்மல் மாதிரி ஒன்று. அதன் பின்னால் அழுகை.

கதவுக்கு வெளியே, விடமாட்டோம் என்ற காவலாளியோடு தம்பி மல்லுக்கட்டும் சத்தமும் அப்போதே கேட்டது.

பிள்ளை மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குடைக்காரம்மா அன்று கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று மீசை வண்டியில் போய்விட்டாளாம். நான் அவளைப் பார்க்கவேயில்லை. தம்பி வண்டியின் பின் இருக்கையில் அவள் உட்கார்ந்த இடத்தில் குடை ஈரம் வட்டமாக இருந்தது. நான் தைத்த உறைதான். துவைக்காமல் இரண்டு நாள் விட்டுவைத்தேன். 'அட்டவணை' மட்டும் கட்டிலில் படுத்தபடி கூட்டிப் பார்த்து, போக முழுக் கட்டணம், வரப் பாதி, காத்திருப்பெல்லாம் சேர்த்துச் சரியாக வந்துவிட்டது, கொஞ்சம் மேலேயே வந்திருக்கிறது என்று சொன்னாள்.

பிள்ளைக்கு நாலாம் மாதம். ஒரு முற்பகல், வெயில் நன்றாக அடித்தது. தம்பிக்கு அன்று ஓய்வு. தரையில் காலை நீட்டி, தொடைமேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலோரம் நின்று துணி மடித்தாள். இப்போதெல்லாம் அவள் உட்காருவதே இல்லை. கட்டிலைப் பார்த்தாலே ஆகவில்லை. நான் தேநீர் குடிக்க இறங்கியிருந்தேன். பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. வண்டிக்குக் கொண்டுபோக அவரும் நினைக்கவில்லை, அவளும் விடவில்லை.

"ஒன்று பெறப்பட்டது. நன்றி."

அவள் சட்டென்று புருஷனைப் பார்த்தாள். பழக்கம்.

"நீங்களா?"

"என் கையைப் பாரு." இரண்டு கையிலும் எண்ணெய் வழிந்தது.

"மீசை அண்ணனா?"

"அந்தாளு அன்னைக்கே ஆப்பை அழிச்சுட்டாரே."

அவள் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அனுப்பியவர் பெயர் எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. தம்பிதான் நினைவுபடுத்திச் சொன்னார். போன மாதத்திலிருந்து சில வெளிநாட்டு வங்கிக்காரர்களும் நம் கட்டத்தில் பணம் போடலாமாம், ஸ்டாண்டில் சொன்னார்கள். அந்தம்மா அன்று பிடித்த படத்தை இன்னும் வைத்திருக்கிறாள். கட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போட்டாளோ, வேறு எதற்குப் போட்டாளோ.

பிள்ளை காலை உதைத்தது.

"அவங்க ஊரு ரொம்பத் தூரம் இல்ல?" என்றேன். "கப்பல்லயே எத்தனையோ நாளாம். ஸ்டாண்டுலேர்ந்து போனா எவ்வளவுடி ஆகும், அட்டவணை? உன் கணக்குல வராத ஊராச்சே."

அவள் பெட்டியைக் கையில் எடுத்து, அதன்மேல் இருந்த தூசியைப் பிள்ளையின் துணியாலேயே துடைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கே நாப்பத்தஞ்சு அக்கா" என்றாள். "ஒண்ணுன்னா, இங்கதான் எங்கயோ வாசல்கிட்ட இருக்காங்க."